படத்துக்கு இசை தேடும்போது



திருவிழா முடிந்த மறுநாளே அதன் படம் ஊரெல்லாம் சுற்றிவிடுகிற காலம் இது. முன்பெல்லாம் பட்டணத்திலிருந்து படக்காரரை அழைத்து வரவேண்டும்; அவர் கேட்ட கூலியைக் கொடுக்கவேண்டும்; படம் கைக்கு வர மாதக் கணக்காகும். இன்றோ நம் வீட்டுப் பிள்ளையின் கைப்பேசியே படக்கருவி, வெட்டி ஒட்டும் மேசையும் அதுவே. கோயில் தீமிதி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாள், மூடப்போகிற ஒரு தோட்டத்தின் கடைசிப் பெரட்டு என எல்லாமே படமாகின்றன. படம் எடுத்து முடித்ததும் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்றுண்டு. பின்னால் என்ன இசை போடலாம்?

இன்று நாம் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறோம். கேட்பதற்குச் சிறு விஷயமாகத் தெரியும். ஆனால் மூன்று மாதம் உழைத்து எடுத்த படம் ஊமையாகிப் போவதும், எங்கோ ஒரு கிழவியின் பாட்டை அவளுக்கே தெரியாமல் உலகம் முழுவதும் விற்பதும் இந்தச் சிறு விஷயத்தில் அடங்கியிருக்கின்றன.

பெரும்பாலும் என்ன நடக்கிறது? கையருகே கிடக்கிற புதிய திரைப்பாடல் ஒன்றைப் பின்னால் ஓடவிட்டு, படத்தை யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். 2007-ஆம் ஆண்டு தொடங்கி அங்கே ஒரு கணினிக் காவல்காரன் இருக்கிறான். இசை நிறுவனங்கள் தங்கள் பாடல்களை அவனிடம் கொடுத்து வைத்திருக்கின்றன. ஏறுகிற ஒவ்வொரு படத்தின் ஒலியையும் அவன் அந்தப் பாடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். பொருந்திவிட்டால், அப்புறம் பாடலின் உரிமையாளர் வைத்ததுதான் சட்டம். விளம்பரப் பணத்தை அவர் எடுத்துக்கொள்ளலாம், படத்தையே தடுத்துவிடலாம், சில வேளைகளில் ஒலி மட்டும் அடைபட்டுப் போகும். வேடிக்கைப் படத்தின் ஒலி போனால் சிரித்துவிட்டுப் போகலாம். இடிக்கப்படுவதற்கு முன் லயத்து வாசலில் உட்கார்ந்து பாட்டி தன் வாழ்க்கையைச் சொன்ன படமாக இருந்தால்? பேச்சின் அடியில் ஓடிய அரை நிமிடச் சினிமாப் பாட்டுக்காக அவர் பேசியதும் சேர்ந்து போய்விடக்கூடும்.

"பத்து விநாடிக்கு மேல் போனால்தான் குற்றம்" என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். முப்பது விநாடி என்பாரும் உண்டு. அப்படி ஒரு விநாடிக் கணக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. யாரோ சொல்ல யாரோ கேட்டு வளர்ந்த கதை அது.

இந்தத் தேடல் வானொலிக்காரர்களுக்கும் படக்காரர்களுக்கும் புதிதல்ல. லண்டனில் டி வுல்ஃப் என்பவர் 1909-இலேயே பேசாப் படங்களுக்கு வேண்டிய இசைக் குறிப்புகளை வழங்கும் தொழிலைத் தொடங்கினார். திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியக்காரருக்குத் துரத்தல் காட்சிக்கு ஒன்று, சோகக் காட்சிக்கு ஒன்று என்று தாள்கள் போகும். 1927-இல் அதே நிறுவனம் இசையைத் தட்டிலேயே பதிந்து கொடுக்க ஆரம்பித்தது. இப்படிப் பிறந்ததுதான் கிடங்கு இசை. எந்தப் படத்துக்கும் உரியதாக இல்லாமல், எந்தப் படத்துக்கும் பொருந்தும்படி முன்கூட்டியே ஆக்கி அடுக்கி வைத்த இசை. உறையின் மேல் பாட்டின் பெயரோடு அதன் குணமும் எழுதியிருக்கும்: பாலைவனம், சந்தைக்கடை, கோமாளி நடை, இரவில் திருடன் என்கிற மாதிரி. ஆயத்த உடை விற்கும் கடையில் அளவு பார்த்துச் சட்டை எடுப்பதுபோல் எடுக்கவேண்டியதுதான். இனாம் அல்ல, பயன்படுத்தியதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் யாரைக் கேட்பது, எவ்வளவு கொடுப்பது என்பது தெளிவாக இருந்தது. படக்காரருக்கு அதுவே பெரிய நிம்மதி.

பிள்ளைகள் தேடுகிற வேடிக்கை இசையை எடுத்துக்கொள்வோம். சர்க்கஸ் கூடாரத்தில் கோமாளி உருண்டு வரும்போது வாசிக்கிற அந்த மெட்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. அதை எழுதியவர் ஜூலியஸ் ஃபுச்சிக் என்ற செக் நாட்டு இராணுவ வாத்தியக் குழுத் தலைவர். 1897-இல் படை நடைக்காக எழுதினார். பழைய ரோமாபுரி வீரர்கள் களத்தில் இறங்குவதை எண்ணி அதற்கு வீரர் வருகை என்று பெயரும் வைத்தார். 1901-இல் கனடாவைச் சேர்ந்த ஒருவர் அதைச் சிறு குழுவுக்கு ஏற்றபடி மாற்றி அமைக்க, சர்க்கஸ்காரர்கள் வேகத்தைக் கூட்டி வாசிக்க, வீரர் வருகை கோமாளி வருகையாகிவிட்டது. பாவம் ஃபுச்சிக்!

இவர் 1916-இல் காலமானார். மலேசியச் சட்டப்படி இசை ஆக்கியவர் மறைந்து 50 ஆண்டு வரை உரிமை நிற்கும்; சிங்கப்பூரில் 70 ஆண்டு. இரண்டு கணக்கும் எப்போதோ முடிந்துவிட்டன. ஆகவே அந்த மெட்டு இன்று எவருக்கும் சொந்தமல்ல, எல்லாருக்கும் பொது. உங்கள் பள்ளி வாத்தியக் குழு அதை வாசித்துப் பதிந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் சென்ற ஆண்டு ஒரு பெரிய குழு வாசித்து வெளியிட்ட பதிவை எடுத்துப் போட்டால் கேள்வி வரும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மெட்டு வேறு, பதிவு வேறு. கிணறு பொதுக் கிணறாக இருக்கலாம். அடுத்த வீட்டுக்காரர் இறைத்துக் குடத்தில் வைத்த தண்ணீர் அவருடையது. ஒரு பாட்டைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேட்கவேண்டும். ஆக்கியவர் யார்? பதிந்தவர் யார்?

வேடிக்கை இசை என்றால் தாழ்ந்த சரக்கு என்று எண்ணவேண்டாம். பிரெஞ்சு இசை மேதை சேன்-சான்ஸ் 1886-இல் விலங்குகளைப் பற்றி ஓர் இசைத் தொகுப்பு எழுதினார். எலும்புக்கூடுகளுக்காக அதில் மரச் சட்டங்களைத் தட்டும் சைலோஃபோன் கருவியைக் கையாண்டிருக்கிறார். கேட்டால் எலும்போடு எலும்பு உரசுவது போலவே இருக்கும். இதை எழுதியவர் என்று தெரிந்தால் கௌரவம் கெட்டுவிடுமோ என்று அஞ்சி, ஒரே ஒரு பகுதியைத் தவிர மற்றதைத் தம் ஆயுளில் அச்சிடவே விடவில்லை அவர். 1921-இல் அவர் மறைந்தபின் வெளிவந்தது. இன்று அவரை உலகம் நினைப்பது பெரும்பாலும் இந்த விளையாட்டு இசையால்தான்.

சரி, இனாமாகவும் நேர்மையாகவும் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். யூடியூபே ஓர் இசைக் கிடங்கை 2013 முதல் திறந்து வைத்திருக்கிறது. தளத்தில் ஏற்றும் படங்களுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சிலவற்றுக்கு மட்டும் ஆக்கியவர் பெயரைப் போடவேண்டும். கெவின் மெக்லியோட் என்ற அமெரிக்க இசையாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெட்டுகளைத் தமது பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்று கொடுத்திருக்கிறார். திருடன் பதுங்கி நடப்பது, குரங்கு குட்டிக்கரணம் போடுவது போன்ற வேடிக்கைகளுக்கு உலகம் முழுவதும் ஓடுவது இவருடைய இசை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற ஆவணத் தளத்தில் பழைய இசைத்தட்டுகள் ஏராளம். ஆனால் அங்கே கிடக்கிறது என்பதாலேயே எடுத்துப் போடலாம் என்று பொருளல்ல. நூலகத்தில் புத்தகம் இருக்கிறது என்பதற்காக அதை நாம் அச்சடித்து விற்க முடியாதல்லவா?

கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பெயரையும் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. 2002-ஆம் ஆண்டு முதல் வழக்கில் இருக்கும் அனுமதிச் சீட்டு அது. ஆக்கியவரே முன்கூட்டித் தம் நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறார். பெயர் போடவேண்டும் என்பது ஒன்று. காசுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இன்னொன்று. வெட்டி மாற்றக் கூடாது என்பாரும் உண்டு. மாற்றினால் அதையும் இதே நிபந்தனையில் பிறருக்குக் கொடு என்பாரும் உண்டு. வெட்டக் கூடாது என்ற சீட்டு இருந்தால் படத்தின் பின்னணியில் சேர்ப்பதும் அனுமதியில் அடங்காது. காசுக்குக் கூடாது என்றிருந்தால், கல்யாணப் படம் எடுத்துப் பணம் வாங்குகிற தம்பி அந்தப் பக்கம் போகக் கூடாது. மற்றொரு சொல்லிலும் கவனம் வேண்டும். "ராயல்டி ஃப்ரீ" என்று எழுதியிருப்பதைப் பார்த்து இனாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒருமுறை பணம் கட்டினால் மறுபடி மறுபடி கட்டவேண்டாம் என்பதே அதன் பொருள். அந்த முதல் பணத்தைக் கட்டத்தான் வேண்டும்.

பிறநாட்டு இசை தேடும்போது ஒரு வழி சொல்கிறோம். "ஆப்பிரிக்க இசை", "ஆசிய இசை" என்று தேடாதீர்கள். அப்படித் தேடினால் எங்கோ ஓர் அறையில் கணினியில் செய்த பொம்மைச் சரக்குதான் முதலில் வரும். கருவியின் பெயரையும் மக்களின் பெயரையும் சொல்லித் தேடுங்கள். நம் சரவாக்கையே பாருங்கள். கெஞா, காயான் மக்கள் ஒரே மரத்தைக் குடைந்து செய்யும் சாப்பே என்ற நரம்புக் கருவி இருக்கிறது. முன்பு நோய் தீர்க்கும் சடங்கில் வாசித்தது. இப்போது மேடைகளிலும் கேட்கிறோம். மலேசிய இசை என்று தேடுகிறவனுக்கு அது அகப்படாமலே போகலாம். சாப்பே என்று தேடுகிறவனுக்கு அதை வாசிக்கிற ஆளே அகப்படுவார். ஆள் அகப்பட்டால் கடிதம் எழுதிக் கேட்கலாம். கேட்டால் கொடுக்கிற கலைஞர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

அந்த இசை அதற்குரிய மக்களிடையே எதற்கு உரியது என்பதையும் விசாரிக்கவேண்டும். தப்பிலே சாமி அழைக்கிற அடி வேறு, சாவு வீட்டு அடி வேறு என்று நம்மில் சிறு பிள்ளைக்கும் தெரியும். வெளியூர்க்காரர் ஒருவர் "இந்திய மேளம்" என்று ஒன்றைக் கண்டெடுத்து, சாவு அடியைக் கல்யாணப் புடவை விளம்பரத்துக்குப் போட்டால் நாம் என்ன சொல்வோம்? அதே தவற்றை நாமும் பிறருக்குச் செய்துவிடக் கூடும். 1947-இல் லண்டனில் ஹவாய் கித்தார்க் குழு ஒன்று "மாமுலா மூன்" என்ற ஆட்டப் பாட்டைப் பதிந்தது. கடற்கரை விளையாட்டுக் காட்சிக்குக் கன பொருத்தமான இசை. அதை ஓடவிட்டால் மலேசியர் எவரும் விறைத்து நிற்பார்கள்; அது நெகாராகூவின் மெட்டு! பேராக் மாநில கீதமாகவும், "தெராங் புலான்" என்ற காதல் பாட்டாகவும் வழங்கிவந்த மெட்டுதான் 1957-இல் தேசிய கீதமாயிற்று. கீதத்தை அவமதிப்பது 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஹவாய் இசை தேடிப் போகும் பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொல்வது? அதனால்தான் சொல்கிறோம்.

தைவான் தீவின் கிழக்குக் கரையில் அமிஸ் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் டிஃபாங் என்ற விவசாயியும் அவர் மனைவி இகாயும் நல்ல பாட்டுக்காரர்கள். வயலில் உழைத்து, விருந்திலும் விழாவிலும் பாடியவர்கள். பாட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். 1988-இல் கலைக் குழு ஒன்றோடு அவர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார்கள். பாரிசில் அவர்கள் பாடியது பதிவாகி இசைத்தட்டிலும் வந்தது. முதியவர்கள் கூடிக் குடித்துக் களிக்கும்போது பாடுகிற பாட்டு அதில் ஒன்று. எனிக்மா என்ற ஜெர்மன் இசைக் குழுவின் மைக்கேல் கிரெட்டு அந்தக் குரலை வெட்டி எடுத்து, தாளம் சேர்த்து, 1993 கடைசியில் வந்த தம் தொகுப்பில் "ரிட்டர்ன் டு இன்னொசென்ஸ்" என்ற பாட்டாக்கினார். அது உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்றது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்திலும் ஒலித்தது. பாடிய கிழவரிடமும் கிழவியிடமும் யாரும் கேட்கவில்லை. தட்டில் அவர்கள் பெயரும் இல்லை. தம் குரல் எங்கெங்கோ ஒலிப்பதை மற்றவர் சொல்லித்தான் டிஃபாங் அறிந்தார். 1998-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். அது பொதுச் சொத்து என்று நம்பித்தான் எடுத்தேன் என்பது கிரெட்டுவின் பக்கம். 1999-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பின்வந்த பதிப்புகளில் பெயர் போட ஒப்புக்கொண்டார்கள். 2002-இல் டிஃபாங் காலமானார்.

வழக்குப் போட வாய்ப்பே கிடைக்காதவர்களும் உண்டு. சாலமன் தீவுகளில் மலைத்தா என்ற தீவு. அங்கே அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை ஹூகோ ஜெம்ப் என்ற இசை ஆய்வாளர் 1970-ஆம் ஆண்டு வாக்கில் பதிந்தார். அது யுனெஸ்கோவின் தட்டு வரிசையில் வந்தது. தாய் தந்தையற்ற பிள்ளைகளில் மூத்தது இளையதை அழாதே என்று தேற்றுகிற பாட்டு அது. டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழு 1992-இல் அந்தக் குரலை எடுத்து "ஸ்வீட் லல்லபை" என்று ஆடல் தாளம் கூட்டி வெளியிட்டது. கேட்டவர்கள் அதை ஆப்பிரிக்கக் காட்டு மக்களின் பாட்டு என்றே எண்ணினார்கள். 1996-இல் நார்வே நாட்டு இசைக் கலைஞர் ஒருவர் அதே மெட்டைப் பிக்மிகளின் தாலாட்டு என்று பெயரிட்டே வாசித்தார். பசிபிக் கடல் எங்கே, ஆப்பிரிக்கக் காடு எங்கே! குரல் ஊர் ஊராகப் போயிற்று. பாடியவளின் பெயரும் ஊரும் கழன்று விழுந்துவிட்டன. அந்தப் பழைய யுனெஸ்கோ வரிசையை இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிடுகிறது. எந்த ஊர், எந்தச் சடங்கு, பாடியவர் யார் என்ற குறிப்புகளை அதன் தளத்தில் படிக்கலாம். பிறநாட்டுப் பாட்டைப் படத்தில் போடுமுன் அந்தக் குறிப்பைப் படிக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வரவேண்டும்.

தைவான் விவசாயியின் கதை நமக்கு எதற்கு என்று யாரும் கேட்கமாட்டீர்கள் என்று எண்ணுகிறோம். ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டு, கப்பலேறி வந்த கதை சொல்லும் பாட்டு இவையெல்லாம் நம் மூத்தவர்களின் நெஞ்சில் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தேடிக் கைப்பேசியோடும் நல்ல ஒலிவாங்கியோடும் ஆட்கள் வருகிறார்கள். பலர் நல்லவர்கள்; மாணவர்கள், ஆய்வாளர்கள். வரட்டும், பதியட்டும். ஆனால் பாடுவதற்கு முன் வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டியவற்றைக் கேட்கவேண்டும். எதற்காகப் பதிகிறீர்கள்? எங்கே வைப்பீர்கள்? விற்றால் எங்களுக்கு என்ன? எங்களுக்கு ஒரு படி கொடுப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்கி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு பக்கத் தாள் போதும், தமிழிலேயே எழுதலாம். பொருள் புரியாமல் பாட்டி கைநாட்டு வைக்கவேண்டிய அவசியமில்லை.

இந்நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1987-ஆம் ஆண்டுடையது. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தம் நிகழ்ச்சியின் மேல் உரிமை உண்டு என்று பின்னாளில் அதில் பிரிவுகள் சேர்ந்தன. நாட்டார் கலைகளை நேரில் நிகழ்த்துகிறவரும் அதில் அடங்குவர். "பழைய பாட்டுதானே, ஆக்கியவர் யாரென்று தெரியாதே" என்று சொல்லி ஒருவர் உங்கள் பாட்டியின் குரலை இனாமாக எடுத்துக்கொள்ள முடியாது. பாட்டு ஊருடையது, பாடிய குரல் அவருடையது. சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற உறுமி மேளக் குழு இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆக்கம் பதிவான கணத்திலேயே உரிமை பிறந்துவிடும். பிற்காலத்தில் சாட்சி வேண்டுமென்றால், மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் கட்டணம் செலுத்தி அறிவித்து வைக்கும் ஏற்பாடு 2012 முதல் இருக்கிறது.

கடைசியாக, இனாம் இசையில் மிக நல்லது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கோயில் படத்துக்கு உங்கள் ஊர் மேளக்காரரையே வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். காற்றில்லாத நேரமாக, காற்றாடியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை மேளத்துக்கு நேரே வைக்காமல் ஓரிரு முழம் தள்ளி வைத்தால் ஒலி பிசிறாது. பதிவின் தொடக்கத்தில் வாசிக்கிறவர் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி, அடியின் பெயர் இவற்றை வாயால் சொல்லிவிடுங்கள். படத்தின் முடிவில் அந்தப் பெயர்களை எழுத்தாகவும் போடுங்கள். வெளியிலிருந்து எடுத்த இசைக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் பெயர், ஆக்கியவர், எடுத்த இடம், எடுத்த நாள், அங்கே எழுதியிருந்த நிபந்தனை ஆகியவற்றை அதில் குறித்து வைத்தால், இரண்டு ஆண்டு கழித்து யாராவது கேட்டாலும் பதில் சொல்ல முடியும்.